கொன்ச்சா காய்ந்திருக்கிறது என்று ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்களுக்கு

ஹூஸ்டனில் எங்கள் பகுதியில் இருக்கும் மெக்சிகன் பேக்கரியைப் பற்றி வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதியிருப்பதை நேற்று உட்கார்ந்து படித்தேன். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும்தான் அதிகம். நடுவில் ஆளே இல்லை. ஐந்து கொடுத்தவர்கள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று கொடுத்தவர்களுக்குத்தான் எழுதி மாளவில்லை. ரொட்டி காய்ந்திருக்கிறது, இனிப்பே இல்லை, எதற்கும் பெயர் எழுதி வைக்கவில்லை, கல்லாவில் இருந்த பெண் சிரிக்கவில்லை, கார்டு வாங்க மறுத்துவிட்டார்கள். இவற்றில் முக்கால்வாசி கடையின் குறையே அல்ல என்பது என் கட்சி. நியாயமான குறை ஒன்று உண்டு. அதை யாரும் எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் காய்ந்த ரொட்டிக்கு வருகிறேன். கொன்ச்சா என்பது சிப்பி போல வரிவரியாகக் கீறிய மேலோட்டோடு இருக்கும் உருண்டை ரொட்டி. மாவு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பிசைந்து வட்டமாகத் தட்டி, ரொட்டி மாவின் தலையில் போர்த்தி, அச்சால் அழுத்துவார்கள். மாவு பொங்கும்போது அந்த வரிகள் பிளந்துகொள்ளும். இனிப்பு முழுவதும் அந்த ஓட்டில்தான். உள்ளே இருப்பது மிதமான சுவையுள்ள ரொட்டி. அதைக் காப்பியிலோ சூடான சாக்லேட்டிலோ தோய்த்துச் சாப்பிட வேண்டும். டீக்கடையில் பொறையை வெறும் வாயில் கடித்துவிட்டுப் பல் வலிக்கிறது என்று யாராவது கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்களா? கிரீம் வழியும் டோனட்டை எதிர்பார்த்து வந்தவருக்குக் கொன்ச்சா ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதற்குக் கடை என்ன செய்யும்?

நேரமும் ஒரு காரணம். இந்தக் கடைகளில் ரொட்டி கெடாமல் இருக்க மருந்து எதுவும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. விடிகாலையில் ஒரு சுற்று அடுப்பிலிருந்து வரும். பிற்பகலில், மாலைச் சிற்றுண்டி நேரத்துக்கு முன்பாக, இன்னொரு சுற்று வரும். நம் புகார்க்காரர்கள் இரவு கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது நுழைந்து, மிச்சம் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய், மறுநாள் மதியம் கடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். பொலீயோ என்ற இனிப்பில்லாத ரொட்டி பழசாகிவிட்டாலும் மெக்சிகோக்காரர்கள் அதை வீணாக்குவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் அதையே துண்டு போட்டு, வெல்லப்பாகு ஊற்றி, பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் சேர்த்து, கப்பிரொத்தாதா என்ற இனிப்பாகச் செய்துவிடுவார்கள்.

அடுத்தது தட்டும் இடுக்கியும். வாசலிலேயே வட்டமான அலுமினியத் தட்டுகள் அடுக்கியிருக்கும், பக்கத்தில் இடுக்கிகள் தொங்கும். எடுத்துக்கொண்டு கண்ணாடி அலமாரிகளைச் சுற்றி வந்து, வேண்டியதை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பல கடைகள் இதை நிறுத்திவிட்டு, ஊழியர்களே எடுத்துத் தரும் முறைக்கு மாறின. சில கடைகள் இன்னும் திரும்பவில்லை. எங்கள் கடை திரும்பியது. சுத்தமில்லை என்று இதற்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். கடை இடுக்கி கொடுத்திருக்கிறது ஐயா. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது யார்? வாடிக்கையாளர்தானே!

சிரிக்காத அந்தப் பெண்ணின் கைகளை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். உங்கள் தட்டை வாங்கியதும் ஒரே பார்வையில் கணக்கு முடிந்துவிடும். பிறகு இடுக்கி வேலை செய்யும். பையின் அடியில், உள்ளே பூசணி வைத்து மடித்துச் சுட்ட எம்பனாதா, அதன்மேல் பன்றிக்குட்டி வடிவ பிஸ்கட், உடையக்கூடிய, காது வடிவ ஓரெஹாவைப் பையின் ஓரமாக நிறுத்தி, ஓடு நொறுங்காதபடி கொன்ச்சாவைக் கடைசியில் வைப்பார். பொடியாகும் பொல்வொரோன் பிஸ்கட்டுக்குத் தனிப் பை. பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். இதற்குமேல் பல்லைக் காட்டவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ரொக்கம் மட்டும் என்பதும் அப்படித்தான்: இரண்டு டாலருக்குள் விற்கும் ரொட்டியில் கார்டு நிறுவனத்துக்கும் பங்கு கொடுத்தால் கடைக்கு என்ன மிஞ்சும்?

பொலீயோவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு முனையும் கூம்பிய, முதுகில் ஒரு கீறல் உள்ள, மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமான ரொட்டி. இனிப்பு கிடையாது. சூடாக வந்தவுடன் வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் ஒன்று காணாமல் போகும். மெக்சிகோவில் நிலநடுக்கமோ விபத்தோ நேர்ந்து அதிர்ந்து நிற்பவரிடம், பயம் தெளிய ஒரு பொலீயோ சாப்பிடு என்று கொடுப்பார்கள். மருத்துவம் என்று நம்புகிறவர்களும் உண்டு, பாதி கேலியாகச் சொல்கிறவர்களும் உண்டு.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் இந்த ஊரை மூழ்கடித்தபோது, 'எல் பொலீயோ' பேக்கரியின் ரொட்டித் தொழிலாளர்கள் சிலர் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். வெளியே சாலை முழுவதும் வெள்ளம். வீட்டுக்குப் போக வழியில்லை. கிட்டத்தட்ட இரண்டு நாள் விடாமல் ரொட்டி சுட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் அந்த ரொட்டி வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போனது. அடுப்பு எரிகிறது, மாவு இருக்கிறது, சும்மா இருப்பானேன் என்று நினைத்த மனிதர்கள். இப்படிப்பட்ட தொழிலுக்கு, சிரிக்கவில்லை என்று ஒற்றை நட்சத்திரம்!

சரி, அந்த நியாயமான குறை. பன்றிக்கொழுப்பு. மெக்சிகன் ரொட்டி வகைகள் பலவற்றில் அது மரபாகவே உண்டு. சில கடைகள் வெண்ணெயும் தாவரக் கொழுப்பும் பயன்படுத்துகின்றன. எதில் எது என்று எங்கள் கடையில் எங்கேயும் எழுதியில்லை. அந்தப் பன்றிக்குட்டி பிஸ்கட்டின் உருவத்தைப் பார்த்தே நம் சைவ நண்பர்கள் பத்தடி தள்ளி நிற்கிறார்கள். நின்ற இடத்தில் இருக்கும் பொல்வொரோனைக் கவலையில்லாமல் எடுத்துத் தட்டில் வைக்கிறார்கள். அதிலும் அதே கொழுப்பு இருக்கலாம். இஸ்லாமிய நண்பர்களுக்கும் இதே சிக்கல்தான். மெக்சிகோக்காரர்களிடம் அவர்கள் உணவை மாற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஓர் அட்டையில் எழுதி ஒட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும்? கல்லாவில் கேட்டேன். முதலாளியிடம் சொல்கிறேன் என்றார்.

அட்டை வரும்வரை, வாங்கும் முன் 'மன்தேக்கா தெ செர்தோ' போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், அதுதான் பன்றிக்கொழுப்பு. வெறும் மன்தேக்கா என்று கேட்டால் தாவரக் கொழுப்புக்கும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். நல்ல கொன்ச்சாவை வீணாக இழப்பீர்கள். முட்டை ஆகாதென்றால் அதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.