கொக்குக் கழுத்துக்குக் கண்ணாடி வளையாது

வண்ணக் கண்ணாடியில் கொக்கு செய்து தரக் கேட்பவர்கள் அதன் கழுத்தை ஒரு தடவையாவது உற்றுப் பார்த்திருப்பார்களா? கீறிய கண்ணாடி நேராக ஓடத்தான் பார்க்கும். உள்வளைவை ஒரே கீறலில் உடைத்தால் கழுத்து இரண்டு துண்டு. பிறை பிறையாக நாலைந்து கீறல் போட்டு, விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மிச்சத்தைக் கிரைண்டரில் தேய்க்க வேண்டும். அந்த ஈரப்பொடி துளி ஒட்டியிருந்தாலும் துண்டின் விளிம்பைச் சுற்றி ஒட்டும் மெல்லிய செப்புப் பட்டை பிடிக்காது, துண்டுகளை இணைக்க உருக்கிய ஈயக் கலவையை, அதாவது சால்டரை, வைக்கும்போது உரிந்துவிடும்.

அலகு இன்னும் மோசம். 3 மி.மீ. கண்ணாடிக்கு 5.5 மி.மீ. பட்டை என்றால் ஒவ்வொரு பக்கமும் 1.25 மி.மீ. மடிப்பு; முனையில் கண்ணாடியே தெரியாது, வெறும் ஈயம்தான். சால்டரிங் அயர்ன் அங்கே கொஞ்சம் அதிகம் நின்றால் டிக்கென்று விரிசல். கால்களையும் கண்ணாடியிலேயே கேட்பார்கள். செப்புக் கம்பிதான், போங்கள்.