மூட்ட முடியாத அடுப்புக்கும் வாடகையா?

வீடு பார்க்கப் போனால் முதலில் காட்டுவது கணப்படுப்பைத்தான், அதாவது குளிர்காயச் சுவரோடு கட்டிய விறகடுப்பை. சுவரில் ஈரம் கசிகிறதா, ஜன்னல் ஒழுங்காகச் சாத்துகிறதா என்று கேட்டால் மழுப்புவார்கள். கணப்படுப்பைப் பற்றி மட்டும் வாய் ஓயாது. "வீட்டுக்கே அதுதான் அழகு" என்பார்கள். அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

நான் குடியிருக்கும் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கூடத்தில் இருக்கும் ஒரே நல்ல சுவரை அது பிடித்துக்கொண்டது. அலமாரி வைக்க இடமில்லாமல் பிள்ளையின் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. சரி, குளிருக்காவது உதவுமா? தீ மூட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் எதற்கய்யா அதற்குக் காசு?

மூட்டினாலும் என்ன கிடைத்துவிடும்? திறந்த கணப்படுப்பில் விறகின் சூடு பெரும்பாலும் புகைபோக்கி வழியே மேலே போய்விடும். அறைக்குப் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அதோடு, எரியும் நெருப்பு அறையில் இருக்கும் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்து வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்குளிர் புகும். அடுப்பின் முன்னால் இருப்பவருக்கு முகம் காயும், பக்கத்து அறையில் படுத்திருப்பவர் நடுங்குவார். இது நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. சூடு புகைபோக்கியில் வீணாகிறது என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1744இலேயே எழுதி, மாற்று அடுப்பையும் வடிவமைத்தார்.

சும்மா விட்டாலும் தொல்லைதான். எங்கள் புகைபோக்கியின் அடைப்புத் தகடு சரியாக மூடுவதில்லை. ஹீட்டர் போட்டால் சூடு அந்த வழியாகப் போகிறது, மின்கட்டணம் என் தலையில் விடிகிறது. உரிமையாளரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். "பழைய வீடு என்றால் அப்படித்தான்" என்கிறார். வாடகையை ஏற்றும்போது மட்டும் வீடு பழையது என்பது அவருக்கு நினைவுக்கு வருவதில்லை!

சொந்தமாக வாங்குபவர் பாடு இன்னும் மோசம். ஆண்டுதோறும் ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும். விறகுப் புகையிலிருந்து உள்ளே படியும் தார் போன்ற கிரியோசோட் தீப்பிடிக்கக்கூடியது. புகை போகும் வழி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

இப்போது மின் கணப்படுப்பு வேறு வந்திருக்கிறது. தழல்போலத் தெரிவது எல்.இ.டி. வெளிச்சம், உள்ளே இருப்பது சாதாரண ஹீட்டர். 1500 வாட் ஹீட்டரை எந்தப் பெட்டிக்குள் வைத்தாலும் அதே சூடுதான். அதையும் வசதிக் கணக்கில் சேர்த்து விலை ஏற்றுகிறார்கள்.

நெருப்பின் முன் குடும்பத்தோடு உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கு முதலில் வேண்டியது குளிர் புகாத ஜன்னலும் பிள்ளை படிக்க ஒரு மூலையும். போன வாரம் இன்னொரு வீடு பார்த்தோம். கணப்படுப்பு இரண்டு, படுக்கையறை ஒன்று. வாடகை இந்த வீட்டைவிட அதிகம்.