பஞ்சு, கிட்டு, அலமு: கொச்சை அல்ல, மரூஉ

தஞ்சாவூர் தஞ்சை ஆனால் இலக்கியம், சுப்பிரமணியன் சுப்பு ஆனால் மட்டும் கொச்சையா? இரண்டும் மரூஉதான், அதாவது வழக்கில் தேய்ந்து திரிந்த சொல். இலக்கண நூலான நன்னூல் மரூஉவை இயல்பு வழக்கில், அதாவது இயல்பாக வழங்கும் சொற்களில், சேர்த்திருக்கிறது.

பஞ்சு என்றால் பருத்தி நினைவுக்கு வரும். அது பஞ்சாபகேசன்: பஞ்ச, ஆபகா, ஈசன். ஐந்து ஆறுகளின் இறைவன், திருவையாற்று ஐயாறப்பர். குஞ்சு என்று கூப்பிட்டது குஞ்சிதபாதத்தை, தில்லை நடராசர் தூக்கிய திருவடியை. அலமுவுக்குப் பின்னால் அலமேலு, அதற்கும் பின்னால் அலர்மேல்மங்கை, மலர்மேல் இருப்பவள். இரண்டு முறை தேய்ந்த பெயர் அது.

தேய்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலெழுத்து நெடிலானால் அடுத்த மெய் இரட்டிக்காது: ராமு, சீனு, பாலு, கோமு. குறிலானால் ஓர் ஒற்று வந்து தாங்கும்: சுப்பு, கிட்டு, லச்சு, வெங்கு. நெடில் தனித்தும் குறில் ஒற்றடுத்தும் வந்தால் யாப்பில் இரண்டும் நேரசை. எழுத்தறியாத பாட்டிகளின் காதுக்கும் அந்த அளவு தெரிந்திருக்கிறது. மணி, அலமு போன்றவை விலக்கு.

கிருஷ்ணன் ஏன் கிட்டு? ஷ், ண் ஒட்டி வருவது தமிழ் நாக்குக்கு ஆகாது. கிருட்டிணன் ஆகி, ரு விழுந்து கிட்டிணன், பிறகு கிட்டன், கிட்டு. நாடக மேடையை ஆண்ட எஸ்.ஜி.கிட்டப்பாவின் இயற்பெயர் ராமகிருஷ்ணன். மகாலிங்கத்தில் நடு ககரம் மெலிந்து மறைய, மாலி. டி.ஆர்.மகாலிங்கம் என்றால் நடிகரா, குழல் வித்வானா என்று கேட்க வேண்டும். குழல் வித்வானை மாலி என்றே கூப்பிட்டார்கள்.

தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், பேரன். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்த வீடுகளில், பெற்ற பிள்ளையைக் கூப்பிடவே அவளுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. அதனால் வீட்டுப் பெயர் எப்போதும் இயற்பெயரின் சுருக்கமாக இருக்க வேண்டியதில்லை. உ.வே.சா.வுக்கு வைத்த பெயர் வேங்கடராமன், வீட்டில் சாமா. சாமா என்பது சாமிநாதனின் மரூஉ. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாமிநாதன் என்றே அழைக்க, அதுவே நிலைத்தது.

வம்சாவளி எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கிட்டு என்று கேட்டதும் கிருஷ்ணமூர்த்தி என்று எழுதிவிடுகிறார்கள். கோபாலகிருஷ்ணனும் முத்துக்கிருஷ்ணனும்கூடக் கிட்டுதான். நிலப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, அந்த வீட்டுத் தாத்தாவின் பெயர், குலதெய்வம் நான்கையும் பார்த்துவிட்டு முழுப்பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே கூப்பிட்ட பெயரையும் போடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையா, கிட்டு என்றே இருக்கட்டும்.