அந்தச் சந்துக்கு ஏன் பூட்டு?

ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் சந்தின் கதவு பூட்டிக் கிடக்கிறது; அதைத் திறக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை நம் தெரு நலச்சங்கக் கூட்டத்தில் கேட்டேன். அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

பூங்காவில் எட்டு வடிவ நடைபாதை போடப் பணம் ஒதுக்கினீர்கள். நல்ல காரியம்தான். பூட்டிய சந்தின் கதவைத் திறக்கச் சொன்னதும், "நடக்கத்தானே கேட்கிறீர்கள், பூங்காவில் நடங்கள்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தீர்கள்.

நான் உடற்பயிற்சிக்கு இடம் கேட்கவில்லை. குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு நடந்து போக வழி கேட்டேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களும் எட்டுப் போடுவதற்காக நடக்கவில்லை. அவர்களுக்கு நடைதான் வண்டி. சந்து வழியாக 4 நிமிடத்தில் கடந்த தூரத்துக்கு இப்போது பெரிய சாலையைச் சுற்றி 15 நிமிடம் ஆகிறது.

அந்தச் சாலையில் மழைநீர் வடிகாலின் மூடிகள்தான் நடைபாதை. ஒரு மூடி மேடு, அடுத்தது பள்ளம். நடுவில் மின்பெட்டி. பிறகு கார் ஏற்றுவதற்காக வீட்டுக்கு வீடு கட்டிய சாய்தளம். நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ். டேப்போடு போய் அளந்தேன். அந்த அகலத்தில் தொடர்ச்சியாக 9 அடி எடுத்து வைக்க எங்கும் இடமில்லை.

அம்மா விழுந்தது அப்படியொரு சாய்தளத்தில்தான். வெள்ளிக்கிழமை பூ வாங்கச் சந்து வழியாகவே போய் வந்தவர். பூட்டிய மறுவாரம் சுற்றிப் போனார், மணிக்கட்டு உடைந்தது. இப்போது பூ வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புகிறார். "நான் வெளியே போனால் உனக்குத்தானே தொந்தரவு" என்கிறார். எழுபது வயது வரை யாரையும் எதற்கும் எதிர்பார்க்காதவர் அவர்.

திருட்டு பயம் என்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்; விளக்குப் போடுவோம், கேமரா வைப்போம், என் பங்கைத் தருகிறேன். பைக் புகுந்துவிடும் என்றால் இரண்டு கல் தூண் நட்டால் போதும், இதற்கெல்லாம் ஒரு கூட்டமே தேவையில்லை. "கார் இல்லாததால்தான் இப்படிப் பேசுகிறார்" என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஆமாம், என்னிடம் கார் இல்லை. அதனால் என் பேச்சுக்கு மதிப்புக் குறையுமா? நடந்து வருகிறவர் என்றாலே வேறு வழியில்லாதவர் என்று எப்போது முடிவு செய்தோம்? தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் தெருவில் அதைக் கேட்டால் சிரிக்கிறோம். இந்தத் தெருவில் 22 வருடமாக இருக்கிறேன். அந்தச் சிரிப்பு இன்னும் வலிக்கிறது.

சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். காலை 5 மணிக்கு நானே திறக்கிறேன், இரவு 10 மணிக்கு நானே பூட்டுகிறேன்.