சீசன் நின்றது அவன் குற்றமா?

சீசன் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆடும் என் சித்தி மகனைக் கேலி செய்து ஊர் குரூப்பில் சுற்றிய அந்த ஆடியோவைப் பற்றித்தான். "மாசக்கணக்கா வீட்டுல சும்மா இருக்கான், இதுல சம்பளம் வேற கேக்கானாம்" என்று சிரித்த அண்ணனுக்கும், அதற்குத் தம்ஸ்அப் போட்டவர்களுக்கும் சொல்கிறேன்: அவன் சும்மா இருக்கவில்லை. உட்கார வைத்தார்கள்.

2025 ஜூலையில் ஐஎஸ்எல்லை நிறுத்தி வைத்தார்கள். லீக்கை நடத்தும் கம்பெனியோடு 2010-ல் கால்பந்துச் சம்மேளனம் போட்ட 15 வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, அடுத்து யார் நடத்துவது என்று முடிவாகவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி வேலைகளையே நிறுத்தியது. நவம்பரில் லீக்கை நடத்தும் உரிமைக்கான டெண்டருக்கு ஒருவர்கூட வரவில்லை. கடைசியில் இந்திய அணி ஆட்டக்காரர்கள் சேத்ரி, குர்பிரீத் எல்லாம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் முறையிட்டு வீடியோ போட வேண்டி வந்தது. இதில் ஆட்டக்காரன் செய்த தப்பு எது?

என் சித்தி மகனும் இப்படி மாட்டிக்கொண்டவன்தான். எந்த கிளப் என்று கேட்காதீர்கள். சம்பளம் நின்றதும் தூத்தூர்க்காரர்களோடு கொச்சியிலிருந்து தூண்டில் படகில் தங்கலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனான். திரும்பி வந்தபோது விரல் முழுக்க தூண்டில் நரம்பு அறுத்த கோடு. மறுநாள் விடியுமுன் கணுக்காலில் தானே டேப் சுற்றிக்கொண்டு கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருந்தான். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, கூப்பிடும்போது உடம்பு தயாராக இருக்க வேண்டும். இதுவா சும்மா இருப்பது?

கிளப்புக்கும் நஷ்டம்தானே என்பீர்கள். சரி, நஷ்டம்தான். மேட்ச் இல்லாமல் டிக்கெட், ஸ்பான்சர் எதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கிளப்பும்தானே கையெழுத்துப் போட்டது?

மலப்புறம் போய் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடலாமே என்கிறீர்கள். ஒப்பந்தத்தில் இருப்பவன் அப்படியெல்லாம் ஆட முடியாது. ஆடி முட்டி போனால் ஆஸ்பத்திரிக் காசை நீங்கள் கட்டுவீர்களா?

2026 பிப்ரவரி 14-ல் தொடங்குகிறதே, அப்புறம் என்ன புலம்பல் என்று ஒருவர் கேட்டார். 2024-25 சீசனில் ஒரு அணிக்கு 24 லீக் ஆட்டம், 2025-26-ல் 13. சம்பளத்தைக் குறைத்துக்கொள் என்று போன் வேறு வந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர் லூனாவுக்கு வெளிநாட்டு அணி கிடைத்தது, லோனில், அதாவது தற்காலிகமாக, அங்கே போனார். எங்கள் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? முப்பதைத் தாண்டினால் பலருக்கு முடிந்துபோகிற தொழில் இது. போன மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

அவன் ஐஎஸ்எல்லில் சேர்ந்தபோது ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். அதில் அவன் படத்தைவிட உங்கள் படம்தான் பெரிதாக இருந்தது. சம்பளம் நின்ற பிறகு ஒருநாளாவது அவன் வீட்டுப் படியேறி, "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்டீர்களா?