கையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

கரிக்கோல் போர்ட்ரெய்ட் என்று முகநூலில் வந்து விழுகிறவற்றில் பெரும்பாலானவை கழுத்துக்குக் கீழே காறையெலும்போடு மங்கிப் போய்விடும். அதற்குக் கீழே போனாலும் கை சட்டைப் பைக்குள் இருக்கும், இல்லாவிட்டால் சால்வைக்குள். கேட்டால் ‘முகம்தானே முக்கியம்’ என்பார்கள். கை வரவில்லை என்பதுதான் விஷயம். அதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, வேலை செய்யும் வரிசை. கண், மூக்கு, உதடு எல்லாவற்றையும் பளபளவென்று முடித்துவிட்டு, தாளில் மிச்சமிருக்கும் இடத்தில் கையைச் செருகப் பார்க்கிறோம். செருகியது செருகியதாகத்தான் தெரியும்.

ஐரோப்பாவின் பழைய ஓவியப் பள்ளிகளில், அதாவது அகாதமி முறையில், இந்த வரிசையே கிடையாது. பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்க், இன்னொரு ஓவியரான ழெரோமுடன் சேர்ந்து தயாரித்த ஓவியப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1866 முதல் 1871 வரை பாரிஸில் கூப்பில் நிறுவனம் வெளியிட்ட 197 லித்தோகிராஃப் (கல்லச்சு) தாள்கள். முதல் பகுதி பிளாஸ்டர் வார்ப்புகளை, அதாவது சிலைகளின் அச்சுகளைப் பார்த்து வரைவது. அதிலேயே கையும் பாதமும் வந்துவிடுகின்றன. உயிருள்ள மாடலின் முழு உருவம் மூன்றாம் பகுதியில்தான். பல தாள்களில் ஒரு பக்கம் நேர்கோடுகளால் ஆன வெறும் கட்டமைப்பு, பக்கத்தில் முடிந்த படம். நம் ஆட்கள் முடிந்த படத்தின் வழவழப்பான ஷேடிங்கை மூன்று மாதம் காப்பி எடுப்பார்கள், நேர்கோட்டுப் படத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். பாடம் இருப்பதோ அந்த நேர்கோட்டுப் படத்தில்.

முதலில் தூரம். உட்கார்ந்திருப்பவரின் தலை உச்சியிலிருந்து மடி வரை ஏறக்குறைய 90 செ.மீ. என்றால், அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 2.7 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். காரணம் எளிய கணக்குதான். முழங்கால்மேல் இருக்கும் கை முகத்தைவிட அரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் முகத்திலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால், கைக்கும் உங்களுக்கும் 1 மீட்டர்தான். கை முகத்தோடு ஒப்பிட ஒன்றரை மடங்கு பெருத்துத் தெரியும். 3 மீட்டரில் நின்றால் அதே கை 1.2 மடங்குதான். பக்கத்திலிருந்து எடுத்த போன் போட்டோவைப் பார்த்து வரைகிறவர்களுக்குக் கை மண்வெட்டி போல வருவது இதனால்தான். பிறகு பயந்துபோய் மனக்கணக்கில் சுருக்குவார்கள், அது பொம்மைக் கையாகிவிடும்.

அளவு சந்தேகமாக இருந்தால் உள்ளங்கையின் அடியை மோவாயில் வையுங்கள். நடுவிரல் நுனி முடி தொடங்கும் இடத்துக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேரும். மோவாயிலிருந்து முடிக்கோடு வரையும், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையும் உயரத்தில் பத்தில் ஒன்று என்று பழைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதிய கணக்கு அது. ஆள் ஆளுக்குச் சற்று மாறும், ஆனால் கை முகத்தில் பாதியாக இருந்தால் அது ஆளின் தவறு இல்லை, உங்களுடையது.

கரி விஷயத்தில் ஒன்று மட்டும். தொடக்கத்துக்கு வில்லோ கரியோ திராட்சைக் கொடிக் கரியோ போதும், உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி கூராக்கிக்கொள்ளுங்கள். கரித்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த கரி (கம்ப்ரஸ்டு சார்கோல்) முழுதாக அழியாது. முதல் ஒரு மணி நேரத்துக்கு அதைத் தொடவே வேண்டாம்.

முதல் இருபது நிமிடப் போஸில் முகத்துக்குக் கண்ணே வேண்டாம். தலை உச்சி, இரண்டு தோள், வெளியே தள்ளியிருக்கும் முழங்கை, கையின் அடிவிளிம்பு இவற்றைத் தொட்டுச் செல்லும் ஐந்தாறு நேர்கோடுகளால் ஒரு கூடு. அப்புறம் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, தொண்டைக்குழிக்கு நேர் கீழே என்ன வருகிறது என்று பாருங்கள். மணிக்கட்டா, கட்டைவிரல் அடியா, இரண்டு விரல் தள்ளியா? இது பிசகினால் பிறகு எவ்வளவு அழகாக நகம் போட்டாலும் அந்தக் கை வேறு யாருடையதோ.

கையை விரல் விரலாகத் தொடங்காதீர்கள். நான்கு விரலும் ஒரே உறைக்குள் இருப்பதாக ஒரு கட்டி, கட்டைவிரல் தனி. பிறகு அந்தக் கட்டியின் குறுக்கே வளைகோடுகள்: விரல் தொடங்கும் மொளிகள் வழியாக ஒன்று, நடு மூட்டுகள் வழியாக ஒன்று, கடைசி மூட்டுகள் வழியாக ஒன்று, நுனிகள் வழியாக ஒன்று. இவை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதில்லை. மொளிகளின் வளைவு மெல்லியது, நுனியை நோக்கிப் போகப் போக வளைவு கூடும். இந்த நான்கும் சரியாக விழுந்துவிட்டால் விரல்களைப் பிரிப்பது ஐந்து நிமிட வேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே தெரியும் இடைவெளியைத் தனி வடிவமாக வரைந்து சரிபாருங்கள். விரலைப் பற்றி மனம் பொய் சொல்லும், வெற்றிடத்தைப் பற்றிச் சொல்லாது.

‘விரல் உருளைக்கிழங்கு மாதிரி வருகிறது’ என்பது நிரந்தரப் புலம்பல். மேல்கோடு, கீழ்கோடு இரண்டையும் ஒரே மாதிரி வளைத்து இழுப்பதால் வருவது அது. உங்கள் ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேல்புறம் எலும்பு, அதனால் கிட்டத்தட்ட நேரான மூன்று துண்டுகள். கீழ்ப்புறம் சதை, அதனால் மூன்று மேடுகள். மேலே நேர்கோடு, கீழே வளைவு என்று பிரித்தாலே பாதி வியாதி போய்விடும். இன்னொன்று: புறங்கையில் நடுவிரல், மொளியிலிருந்து நுனி வரை, கையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி. அதே விரல் உள்ளங்கைப் பக்கம் குட்டையாகத் தெரியும், ஏனென்றால் விரலிடைச் சவ்வு முதல் எலும்பின் நடுவரை ஏறி நிற்கிறது. புறங்கையின் விரல் நீளத்தை அப்படியே உள்ளங்கைக்குப் போட்டால் பேய்க் கைதான்.

மணிக்கட்டை ஒரு குழாயாக வரைகிறவர்கள் அதிகம். அது தட்டையான பெட்டி. சுண்டுவிரல் பக்கம் எலும்பு முட்டி நிற்கும்; பக்கவாட்டில் பார்த்தால் முன்கையிலிருந்து கைக்கு ஒரு படி இறங்கும். அந்தப் படி இல்லாவிட்டால் கை ஒட்டவைத்தது போல இருக்கும். முழுக்கைச் சட்டை என்றால் கஃப் விளிம்பின் நீள்வட்டம் கை எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

மாடல் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு வந்தால் தலை பழைய இடத்துக்கு வந்துவிடும், விரல்கள் வராது. முழங்கைக்கும் பாதத்துக்கும் சாக்பீஸ் குறி போடுவதோடு, கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: நாற்காலிக் கை, மூடிய புத்தகம், தொடை, எதன்மேலாவது பாரம் இறங்கட்டும். அந்தரத்தில் நிற்கும் கை பத்து நிமிடம் தாங்காது. தொங்கும் கையில் நரம்பு புடைக்கும், மார்புக்கு மேலே தூக்கினால் அடங்கிவிடும். ஒரே கையில் இரண்டு நிலையின் நரம்பையும் வரைந்து வைத்திருக்கும் படங்கள் ஏராளம். விரல்களுக்குத் தனித்தாள் எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1523-இல் அறிஞர் எராஸ்மஸின் உருவப்படங்களைச் செய்த ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் அவர் கைகளுக்கென்றே தனியாகப் பயிற்சித் தாள்கள் வைத்திருந்தார், அவை இன்றும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே லூவரில் பிரெஞ்சு ஓவியர் ஆங்ர் 1832-இல் வரைந்த, பத்திரிகை முதலாளி பெர்த்தானின் உருவப்படம். தொடைமேல் விரல் விரித்து ஊன்றிய அந்த இரண்டு கைகளை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள், ஆள் சாதுவாகிவிடுவார்.

கடைசியில் டோன், அதாவது வெளிச்சம், இருட்டின் அளவு. கண்ணைச் சுருக்கி, நிழலையும் வெளிச்சத்தையும் பிரிக்கும் கோட்டை முகத்திலும் கையிலும் ஒரே மூச்சில் போட்டு, நிழல் முழுவதையும் ஒரே தட்டையான சாம்பலால் நிரப்புங்கள். விளக்கு மேலே இருக்கிறது. மடிக்கு வரும்போது வெளிச்சம் குறைந்திருக்கும். வெள்ளை 1, கறுப்பு 9 என்று வைத்தால், நெற்றியின் ஹைலைட் 1, கையின் மிக வெளிச்சமான இடம் 3 அல்லது 4. கைக்கும் 1 கொடுத்தால் பார்ப்பவர் கண் நேராக மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரல்களுக்கு நடுவே முழு நீளக் கறுப்புக் கோடு போடாதீர்கள். இரண்டு விரல் ஒட்டும் இடத்தில் ஒரு பொட்டு அழுத்தம், மற்ற இடத்தில் கோடு கரைந்து போகட்டும். நகத்தை வெள்ளையாக விடாதீர்கள், அதுவும் விரலோடு வளைந்த தோல் நிறம்தான். மோதிரம் போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அந்த ஒரு நீள்வட்டமே விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டிவிடும்; கல்லின் மினுக்கத்தை மட்டும் நீடபிள் ரப்பரால் (பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய அழிப்பான்) கொஞ்சம் அமுக்கி வையுங்கள்.