‘ஓடிப் பழகின சனம்தானே’ என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

நேரத்தோடு ஆயத்தப்படுத்தி, சாமான்களை ஒழுங்காகக் கட்டி வீடு மாற நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? கிளிநொச்சியில் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு, புதுக்குடியிருப்பில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று வாய் திறந்த நாளிலிருந்து ஒரே வசனத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “உதுக்கேன் பிள்ளை இவ்வளவு யோசிக்கிறாய்? நாங்கள் ஓடிப் பழகின சனம்தானே. ஒரு மணித்தியாலத்தில கட்டிப்போட்டுப் போகலாம்.” லொறிக்காரர் சொன்னார். வாடகை வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். என் சொந்தச் சித்தப்பாவும் சொன்னார். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

ஓடியதும் வீடு மாறுவதும் ஒன்றா? 1996இல் சண்டைக்குள் கிளிநொச்சியிலிருந்து அக்கராயன் பக்கம் போனபோது, சைக்கிள் கரியரில் ஏறியது எதுவோ அதுதான் எங்கள் வீடு. 2008 கடைசியில் கூரைத் தகரத்தையும் கதவையும்கூடக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். தருமபுரத்தில் கொஞ்சம் விட்டோம். விசுவமடுவில் தகரம் போனது. உடையார்கட்டில் உழவு இயந்திரமே போனது. மாத்தளனில் ஒரு தறப்பாள் இருந்தது, செட்டிகுளம் முகாமுக்குப் போய் இறங்கியபோது அதுவும் இல்லை. சாமானை விட்டுவிட்டுப் போகத்தான் நாங்கள் பழகினோம். கொண்டுபோய்ச் சேர்க்க எப்போது பழகினோம்?

இப்போது அதே பரந்தன் – முல்லைத்தீவு வீதியால்தான் போகிறேன். இந்த முறை யாரும் துரத்தவில்லை. நாளையும் நேரத்தையும் நானே தீர்மானிக்கலாம். வழியில் ஒரு கரண்டிகூட விடுபடக் கூடாது என்று நான் நினைத்தால், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நாள் குறிப்பதே பெரும் பாடு, அதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் விளங்காது. ஆனி, ஆடி, புரட்டாதி, மார்கழி, பங்குனி எல்லாம் சரிவராது என்று மாமி எடுத்த எடுப்பிலேயே வெட்டிவிட்டார். ஐப்பசி பிறந்தால் மாரி. கார்த்திகையில் எங்கள் ஒழுங்கைக்குள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமே புதையும். தை, மாசியில் காலபோக வெட்டு, லொறி எல்லாம் நெல்லோடு நிற்கும். சித்திரையில் எங்களுக்கு ஓடு போட்டு முடியவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் ஏற்றாத வாகனம் இல்லை. மிஞ்சியது ஆவணி. அதிலும் இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோக வெட்டு நடக்கிற காலம். ஊரில் உள்ள கல்யாணமும் குடிபூரலும் அந்த மாதத்தில்தான். அதனால்தான் லொறிக்காரரோடு நேரத்தோடேயே கதைத்தேன். முற்பணமும் கொடுத்தேன். புதன்கிழமை, விடிய 6 மணி, பெரிய லொறி, ஏற்றி இறக்க இரண்டு பெடியன்கள். பகல் 12 மணிக்கு ராகுகாலம் தொடங்கும் அண்ணை, அதற்கு முதல் பால் காய்ச்ச வேணும் என்று தெளிவாகச் சொன்னேன். “பயப்பிடாத தங்கச்சி, நான் சொன்னா சொன்னதுதான்” என்றார்.

6 மணிக்கு லொறி இல்லை. 7 மணிக்கும் இல்லை. கைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். வீட்டுக்காரர் பெயின்ற் அடிக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், புதுக் குடும்பம் ஒன்று வர நிற்கிறதாம். நான் அலுமாரியையும் கட்டிலையும் வீதியோரம் இறக்கி வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஆட்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். பத்து மணி கழித்துத்தான் எடுத்தார். “தங்கச்சி, நெல் லோட் ஒண்டு மாட்டிப்போச்சு. மில்லில இறக்கிப்போட்டு உடன வாறன்.”

மாட்டிப்போச்சாம்! முதல் நாள் பின்னேரமே தெரிந்திருக்கும்தானே? நெல்லுக்குக் கூலி கூட, அது எனக்கும் தெரியும். வெட்டு நேரத்தில் நாலு காசு பார்க்காவிட்டால் லொறிக்காரருக்கும் வருஷம் ஓடாது. நான் அதைக் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளைப் பிடித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என்ன செலவு? என் கணவர் மாமியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். சாமிப்படம் பெட்டிக்குள், குத்துவிளக்கு பெட்டிக்குள். பக்கத்து வீட்டில் பானையும் விளக்கும் இரவல் வாங்கி, வெறும் வீட்டில் மாமி பால் காய்ச்சினார். எத்தனை வருஷம் காத்திருந்து கட்டிய வீடு! அந்தப் பால் பொங்கும்போது நான் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட வெயிலில் நின்றேன்.

இரண்டு மணிக்குப் பிறகு வந்தது. வந்தது பெரிய லொறியும் இல்லை, பட்டா என்கிற ஒரு சின்ன லொறி. அதற்குள் எல்லாவற்றையும் அடையத் தொடங்கினார்கள்.

மட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: குசினி, உடுப்பு, சாமியறை, கண்ணாடி – கவனம். எதை முதல் ஏற்றுவது என்று ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியும் விட்டிருந்தேன். பாரமானது முதல், கபின் பக்கம். பிரிட்ஜ் நிமிர்ந்தபடி. படுக்கவைத்தால் கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், கொண்டுபோனவுடன் கரண்ட் கொடுக்க ஏலாது. காஸ் சிலிண்டரும் நிமிர்ந்துதான் வர வேண்டும். இதெல்லாம் நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை, சாமான் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தாளைக் கிழித்து ஒரு பெடியன் கை துடைத்தான். பிரிட்ஜைப் பாயில் ஆளைக் கிடத்துவது மாதிரிக் கிடத்தினார்கள். “தம்பி, அந்தப் பெட்டியில கண்ணாடி எண்டு எழுதிக் கிடக்கு, பாருங்கோ” என்று கத்துகிறேன், “ஒண்டும் நடக்காது அக்கா” என்றபடி அதற்கு மேல் அம்மியை வைக்கிறான். அப்போதும் லொறிக்காரர் சொன்ன கதை அதேதான்: “இந்த ரோட்டால எவ்வளவு சாமான் ஏத்தி இறக்கினாங்கள், இதென்ன பெரிய வேலையே?”

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் படம் இருந்தது. எங்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான். அல்பங்கள் எல்லாம் இரணைப்பாலையில் ஒரு பங்கருக்குள் போய்விட்டன. இந்த ஒரு படத்தை அம்மா பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து சொப்பின் பைக்குள் சுற்றி, சட்டைக்குள் செருகிக்கொண்டு முள்ளிவாய்க்கால் கடந்து கொண்டுவந்தார். முகாமில் மழை வெள்ளம் கூடாரத்துக்குள் வந்தபோது தலையில் வைத்துக் காப்பாற்றினார். மீளக் குடியேறிய பிறகுதான் சட்டம் போட்டு மாட்டினோம். அன்று பின்னேரம் பெட்டியைத் திறந்தபோது கண்ணாடி நொறுங்கி, ஒரு துண்டு அப்பாவின் கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் கீறியிருந்தது. ஷெல்லடிக்குள் வந்த படம், தார் ரோட்டில் ஒரு மணித்தியாலம் ஓடிய பட்டாவுக்குள் கிழிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லுவேன். எல்லோரிடமும் சொல்லுவேன்.

வீட்டுக்காரரின் கதை வேறு. சுவரில் ஆணி அடித்தோம் என்று முற்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆணிகள் நாங்கள் அங்கே குடிபோவதற்கு முதலே இருந்தவை. பிள்ளையின் விடுகைப் பத்திரம், இரண்டு பக்கத்து கிராம அலுவலரிடமும் பதிவு, வாக்காளர் இடாப்பு என்று மாவட்டம் மாறுகிற அலைச்சல் இன்னும் முடியவில்லை. அங்கும் ஒருவர், “முந்தி எத்தனை இடம் மாறினீங்கள், இதுக்குப் போய்க் கவலைப்படுறீங்களே” என்றார். கவலைப்படாமல் என்ன செய்வது? முந்தி பதிவு இல்லாமல், கடிதம் இல்லாமல், நாங்கள் யார் என்று நிரூபிக்க ஒரு துண்டு இல்லாமல் நின்றோமே, அதனால்தான் இப்போது ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து வைக்கிறேன்.

ஹயர் ஓடுகிற அண்ணைமாருக்கு நான் சொல்வது இதுதான். வர ஏலாது என்றால் முதல் நாளே சொல்லுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டோம். பட்டாவோடு வரப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், இரண்டு நடையாகப் போகலாம். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். படங்கு கொண்டு வாருங்கள், விசுவமடு தாண்டியதும் எங்கள் மெத்தை முழுக்கப் புழுதி. நாங்கள் பட்டதைக் காட்டி உங்கள் கவனயீனத்தை மூடாதீர்கள். நீங்களும் அதே வீதியால் வந்தவர்கள்தானே? உங்கள் வீட்டிலும் மிஞ்சிய படம் ஒன்று இருக்கும்தானே?

மிச்சக் கூலி கேட்டு நேற்றும் கோல் எடுத்தார். கண்ணாடிக் காசும், கிளிநொச்சியில் அந்தப் படத்தைத் திருத்தி எடுக்கிற காசும் கழித்துத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். ஊருக்குள் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும்.